உறைப்புச் சுடர் பதியுதீன்

கல்முனை பசாரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற பதியுதீனின் கண்ணில் ஒரு கொச்சிக்காயின் காரத்துக்காகத் தண்ணீர் வந்ததை இந்தக் கரையில் ஒருத்தரும் கண்டதில்லை. பாண்டிருப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் விசாரித்துப் பாருங்கள். ஆளைத் தெரியாதவர்களுக்கும் கதை தெரியும். கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அந்த ஆறில் பதியுதீனும் ஒருவர் என்றால், அந்தப் பெரிய தட்டுக்கு மட்டும் தனியாக ஒரு கோப்பை கொச்சிக்காய்ச் சம்பல் வரும். கேட்காமலே வரும். மற்ற ஐந்து பேரும் சோற்றில் கையை வைத்துக்கொண்டு பதியுதீனின் முகத்தையே பார்ப்பார்கள். அவர் மென்று, விழுங்கி, மீசையைத் துடைத்துவிட்டு, "உறைப்புக் காணா" என்பார். காரம் போதாதாம். அவ்வளவுதான், சமைத்த பண்டாரிக்கு அன்றைக்கு முகம் செத்துவிடும்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பட்டம் கொடுக்க ஆள் தேடுகிற சங்கங்கள் நிறைய. கவிதை எழுதினவனுக்குக் கொடுத்து, கவிதை கேட்டவனுக்குக் கொடுத்து, மண்டபத்துக்குக் கதிரை வாடகைக்கு விட்டவனுக்கும் கொடுத்து முடிந்த பிறகு, போன வருடம் பதியுதீனைப் பிடித்தார்கள். "உறைப்புச் சுடர்" என்று பட்டம். பொன்னாடை, கேடயம், ஏழு பேரின் பேச்சு. ஏழு பேரும் பதியுதீனைப் பற்றி இரண்டு நிமிடமும் தங்களைப் பற்றிப் பதினெட்டு நிமிடமும் பேசினார்கள். கடைசியில் மேடையில் வைத்தே ஒரு பிடி செத்தல் கொச்சிக்காயைத் தின்னக் கொடுத்தார்கள். தின்றார். மண்டபம் அதிரக் கைதட்டல். அதன் பிறகு அவர் பின்பக்கத்துக் குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்து, அதற்குக் கீழே நாக்கை நீட்டிக்கொண்டு இருபது நிமிடம் நின்றது யாருக்கும் தெரியாது.

ஏனென்றால் பதியுதீனுக்கு உறைப்பு ஆகாது.

சிரிக்காதீர்கள், உண்மையைச் சொல்கிறேன். மருதமுனையில் தேங்காய்ப்பால் குழம்பான பாலாணமும் பருப்பும் தின்று வளர்ந்த பிள்ளை அவர். மிளகு கூடினாலே விக்கல் வரும். கண்ணில் தண்ணீர் வராது என்பது மட்டும் சரி, அது அல்லாஹ் கொடுத்த அமைப்பு. கண்ணுக்குப் பதிலாக முதுகில் ஊற்றும். அதனால்தான் எந்த விருந்துக்குப் போனாலும் மனிதர் கறுத்தச் சட்டைதான் போடுவார். அந்தச் சட்டையைப் பற்றியும் பசாரில் ஒரு மரியாதையான பேச்சு உண்டு.

பிறகு எப்படி இந்தப் பெயர் வந்தது என்று கேட்பீர்கள். பெயர் வந்தது இரண்டு பல்லால்.

சுனாமிக்கு மூன்று வருடத்துக்கு முந்தி, பதியுதீனுக்குக் கல்முனைக்குடியில் கலியாணம். பெண் ஸுல்பிகா. கலியாணத்துக்கு முதல்நாள் இரவு மாப்பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் குத்தத் தொடங்கி, விடியும்போது கன்னம் பணிஸ் மாதிரி வீங்கிவிட்டது. வீங்கின முகத்தோடு நிக்காஹுக்குப் போனால் மானம் கப்பலேறிவிடுமே! ஒருத்தருக்கும் சொல்லாமல் காலையில் போய் இரண்டு பக்கமும் ஊசி போட்டு இரண்டு பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்தார். பகல் விருந்துக்கு உட்கார்ந்தபோது வாய் முழுக்க மரக்கட்டை. நாக்கு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பெண்ணின் தம்பி ஜவுபருக்கு அப்போது பதினாறு வயது. குறும்புக்குப் பிறந்தவன். அந்த வீட்டில் புது மாப்பிள்ளையின் முதல் பிடிச் சோற்றில் நை மிரிஸ் என்கிற ஆகப் பொல்லாத கொச்சிக்காயை ஒளித்து வைத்து ஊட்டுவது ஒரு வேடிக்கை. மாப்பிள்ளை துள்ளுவார், மச்சான்மார் சிரிப்பார்கள், மாமி சீனி கொடுத்தனுப்புவார், அதோடு சரி. ஜவுபர் மூன்று கொச்சிக்காயை வைத்து ஊட்டினான். பதியுதீன் மாடு வைக்கோல் தின்பதுபோல் ஆறுதலாக மென்று விழுங்கிவிட்டு, "இன்னும் இரிக்கா?" என்று கேட்டார். சோறு இன்னும் இருக்கிறதா என்றுதான் மனிதர் கேட்டார். சபை வாயைப் பிளந்தது.

"மாஷா அல்லாஹ்! என்ட மருமகனுக்கு உறைப்பெண்டா உசிரு போல!" என்று குசினிச் சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மாமி சித்தி லைலாவின் குரல்.

இந்தச் சீலையை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கரையில் ஆண்பிள்ளை கலியாணம் கட்டினால் பெண் வீட்டுக்குத்தான் போய் இருப்பான். வீடும் அவர்களுடையது, அடுப்பும் அவர்களுடையது. சித்தி லைலா பழைய மரியாதைக்காரி. மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பதில்லை. குசினி வாசலில் பூப்போட்ட சீலை ஒன்று தொங்கும். மாமி உள்ளே அடுப்படியில், மருமகன் வெளியே, நடுவில் ஸுல்பிகா. மாமி கேட்பதை ஸுல்பிகா மருமகனிடம் கேட்பாள், மருமகன் சொல்வதை ஸுல்பிகா மாமியிடம் சொல்வாள். இரண்டு பேருக்கும் இரண்டும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் ஸுல்பிகா சொன்னால்தான் கேட்டதாகக் கணக்கு.

கலியாணத்தன்று இரவு ஊசி இறங்கிவிட்டது. இராச்சாப்பாடு வந்தது. ஆணம் செக்கச் செவேல் என்று இருந்தது. ஒரு பிடி வைத்ததும் பதியுதீனுக்கு மூளைக்குள் யாரோ நெருப்புக்குச்சி உரசினதுபோல் இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சீலைக்குப் பின்னால் குரல்.

"உறைப்புக் காணுமா எண்டு மருமகன்ட கேளு புள்ள."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. "உறைக்குது" என்று. ஆனால் மாப்பிள்ளையாகிப் பத்து மணித்தியாலம் ஆகாத ஒருவன், பகல் முழுக்கச் சபை மெச்சின ஒருவன், மாமியார் வீட்டு முதல் இரவுச் சாப்பாட்டைக் குறை சொல்வானா? தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"காணும். இன்னும் கொஞ்சம் போட்டாலும் பரவாயில்ல எண்டு சொல்லு."

போட்டார்கள். இருபத்து மூன்று வருடம் போட்டார்கள்.

பெயர் ஒருமுறை பரவிவிட்டால் மனிதன் அதற்குப் பின்னால் ஓடித்தான் ஆக வேண்டும். கண்ணாடி பொருத்தப் போகிற ஊரெல்லாம் பதியுதீனுக்குக் கொச்சிக்காய் காத்திருந்தது. இறக்காமத்தில் ஒரு விவசாயி வீட்டு யன்னலுக்கு அளவெடுக்கப் போனார். அவர் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். யானை வந்து வேளாண்மையை மிதித்து, வாழையைப் பிடுங்கி, மதிலையும் தள்ளிவிட்டுப் போயிருந்தது. கொச்சிக்காய்ப் பாத்தி மட்டும் அப்படியே நின்றது. "பதியுதீன் காக்கா, ஆனை கூடத் தொடல்ல. உங்களுக்குத்தான் சரி" என்று ஒரு பை நிறையக் கொடுத்தார். ஆனைக்கு விளங்கின விசயம் எனக்கு விளங்கவில்லையே என்று பதியுதீன் வரும் வழியெல்லாம் நினைத்தார். அந்தப் பையை ஆற்றில் எறிந்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டில் கொடுத்தார். மாமிக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அறுகம்பேயில் ஒரு விருந்தினர் விடுதிக்குக் கதவுக் கண்ணாடி போட்டபோது, அலைச்சறுக்க வந்த வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன் நண்டுக் கறியைத் தின்றுவிட்டு மேசையில் தலையை வைத்து ஓவென்று அழுதான். மூக்கைச் சீறினான். கடற்கரை வரைக்கும் ஓடிவிட்டு வந்தான். ஒருத்தரும் அவனைக் குறைவாக நினைக்கவில்லை. சமையல்காரர் தோளில் தட்டி இளநீர் கொடுத்தார். பத்து நிமிடத்தில் பொடியன் சிரித்துக்கொண்டு மறுகா வந்து குந்தினான். பதியுதீன் ஏணியில் நின்றபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அவர் ஒருத்தன்மேல் பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான்.

போன மாரியில் வயிறு கையை விரித்துவிட்டது. கிளினிக்கில் படம் பிடித்துப் பார்த்த டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வயித்துக்குள்ள புண். இனி உறைப்புத் திண்டா வெட்டித்தான் எடுக்கணும். விளங்குதா?" விளங்கியது. டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கடையில் ஆறு மில்லிமீற்றர்க் கண்ணாடித் தட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மாமிக்கு என்ன சொல்வது? இருபத்து மூன்று வருடம் மெச்சி மெச்சித் தின்றவர், இப்போது வந்து, உங்கட சாப்பாடு என்ட வயித்தைக் கிழிச்சுப் போட்டு என்று சொல்வதா? அந்த வீட்டில் இருந்துகொண்டா? பசாருக்கு என்ன சொல்வது? கேடயத்தை என்ன செய்வது?

அந்த நேரத்தில்தான் மகள் றுமானாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை றிப்தி, நிந்தவூர்ப் பொடியன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறான். மெலிந்த, மரியாதையான பிள்ளை. கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முதல் ஒரு தடவை எச்சில் விழுங்குவான். அவனும் இந்த வீட்டுக்குத்தான் வந்து இருக்கப் போகிறான்.

ஜவுபர் கடைக்கு ஓடி வந்தான். இப்போது அவனுக்கு முப்பத்தொன்பது வயது, ஆனால் புத்தி அதே பதினாறில் நிற்கிறது. வேலை வெட்டி இல்லாத நேரத்தில் முகநூலில் 'கல்முனை உறைப்பு' என்று ஒரு பக்கம் நடத்துகிறான். வேலை வெட்டி இருக்கிற நேரமே அவனுக்கு இல்லை.

"மச்சான், புது மாப்பிள்ளைக்கு முதல் பிடி நீங்கதான் ஊட்டணும். கொச்சிக்காயும் நீங்கதான் தேடணும். இந்தக் கரையில இரிக்கிறதுல ஆகப் பொல்லாதது வேணும். நான் நேரடியாப் போடப் போறன்."

"பாவம்டா, பொடியன்."

"என்ன பாவம்? உங்களுக்கு நாங்க பாவம் பாத்தமா?"

அது உண்மைதான். பதியுதீன் கண்ணாடி வெட்டுகிற வைரக்கட்டையைக் கையில் பிடித்தபடி யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. றிப்தி இந்தக் கொச்சிக்காயை வென்றுவிட்டால்? தன்னைவிடப் பெரிய உறைப்புக்காரன் என்று சபை ஒத்துக்கொண்டால்? பட்டத்தை அவன் தலையில் கட்டிவிட்டுத் தான் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளலாமே! இனி இளம் ஆக்கள் பாக்கட்டும் என்று பெரிய மனதோடு சொல்லி, பருப்புக்கும் பாலாணத்துக்கும் திரும்பிவிடலாமே! வெட்டும் இல்லை, கிழிப்பும் இல்லை, மாமிக்கு மனவருத்தமும் இல்லை. அல்லாஹ்வே, இப்படி ஒரு வழியைக் காட்டினாயே என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

வேண்டியது ஒன்றுதான். பார்த்தால் பேயாகவும் தின்றால் பூவாகவும் இருக்கிற ஒரு கொச்சிக்காய். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

திருக்கோவில் பக்கத்து விநாயகபுரத்தில் அன்னப்பிள்ளை என்று ஒரு மனுசி. கணவர் கடலுக்குப் போகிறவர். இரண்டு வருடத்துக்கு முதல் அவருடைய அலுமாரிக்குக் கண்ணாடி போடப் போனபோது, அன்னப்பிள்ளை வளவில் ஒரு செடியைக் காட்டினார். நை மிரிஸ் மாதிரியே சுருங்கிச் சுருங்கி மஞ்சளும் சிவப்புமாகக் காய். பேரைக் கெடுக்கக் கூடாதென்று பதியுதீன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை வாயில் போட்டார். எரிவைக் காணவில்லை! வாசம் மட்டும் வந்தது. பழ வாசம், மழைக்குப் பிந்தின மண் வாசம், மூக்குக்குள் ஏறி அப்படியே நின்றது. கொச்சிக்காய்க்கு ஒரு ருசி இருக்கிறது என்பதே அவருக்கு நாற்பத்தேழு வயதில்தான் தெரிய வந்தது. அன்று எட்டுக் காய் தின்றார். அதற்குப் பிறகு திருக்கோவில் பக்கம் வேலை இல்லாவிட்டாலும் மோட்டார் சைக்கிள் அங்கே போய் நிற்கும்.

"என்ன தம்பி, கண்ணாடி நல்லாத்தானே இரிக்கி, மறுகாவும் வந்திருக்கிறீங்க?" என்று இந்த முறையும் கேட்டார் அன்னப்பிள்ளை.

"மகளுக்குக் கலியாணம், அக்கா. அந்தக் கொச்சிக்காயில ஒரு பத்துக் காய் வேணும்."

"ஐயோ தம்பி, கலியாணத்துக்கா? அது ஒண்டுக்கும் உதவாத சாமானெல்லோ! சொட்டும் உறைக்காது. நானே புடுங்கி எறியோணும் எண்டு இருந்தனான்."

"எறிஞ்சு போடாதீங்க, அக்கா. உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்" என்றார் பதியுதீன். அந்த மனுசி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கலியாணம் நன்றாக நடந்தது. பகல் விருந்தில் நடுச் சஹனில் மாப்பிள்ளை, பக்கத்தில் பதியுதீன், எதிரில் போனை நீட்டிக்கொண்டு ஜவுபர். கொச்சிக்காயைக் கண்டதும் சபை பின்வாங்கியது. "யா அல்லாஹ், இதையா பொடியனுக்குக் குடுக்கப் போறாங்க?" என்று ஒருவர் எழும்பியே விட்டார். றிப்தி ஒரு தடவை எச்சில் விழுங்கினான். பதியுதீன் பிஸ்மில்லாச் சொல்லி ஊட்டினார். பொடியன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். பிறகு ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு மற்றக் கண்ணையும் திறந்தான். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதைத் தின்றான். மூன்றாவதைத் தானே எடுத்தான்.

சபை கூத்தாடியது. பதியுதீன் எழும்பி நின்று, தானும் ஒன்றை வாயில் போட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு, "ஏலா! எனக்கு ஏலா! தோத்துட்டன்!" என்று கத்தினார். அடடா, அந்த மனிதரின் நடிப்பை அன்று பார்த்திருக்க வேண்டும். பொன்னாடையை எடுத்துவரச் சொல்லி மருமகனின் தோளில் போட்டார். கேடயத்தையும் கையில் கொடுத்தார். "இனி எனக்கு வயசாயிட்டு. உறைப்புச் சுடர் இனி இவருதான்" என்றார். பொடியன் எதுவும் விளங்காமல் சந்தோசமாகச் சிரித்தான். அன்று இரவு பதியுதீன் வயிற்றைத் தடவிக்கொண்டு படுத்தார். இருபத்து மூன்று வருடத்தில் அப்படி ஒரு நித்திரை கொண்டதில்லை.

மற்றநாள் பகல். புது மாப்பிள்ளைக்கு வீட்டில் முதல் சாப்பாடு. மாமனாரும் மருமகனும் பாயில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். குசினியிலிருந்து ஒரு மணம் வந்தது. வந்த மணத்துக்கே பதியுதீனுக்கு முதுகில் ஊற்றத் தொடங்கியது. இது பாலாணத்து மணம் இல்லை.

ஸுல்பிகா சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மாட்டிறைச்சி ஆணம். நிறம் சிவப்பைத் தாண்டிக் கறுப்புக்குப் போயிருந்தது.

"என்ன புள்ள இது?"

"உம்மா காலையிலயே ஜவுபர இறக்காமத்துக்கு அனுப்பிட்டா. ஆனை தொடாத கொச்சிக்காய் கொண்டு வந்தான்" என்றாள் ஸுல்பிகா பெருமையாக. "வழமையாப் போடுறது உங்கட பங்கு. புது மருமகனுக்கு அதுல ரெண்டு பங்கு. சட்டி ஒண்டுதானே எண்டு மூணையும் சேத்துப் போட்டுட்டா."

ஒரு மனிதன் தன் கையால் தனக்குக் குழி தோண்டினால் அது ஒரு ஆள் குழியாவது இருக்கும். பதியுதீன் இரண்டு ஆளுக்குத் தோண்டியிருந்தார். அதில் ஒன்று பச்சைப்பிள்ளை.

றிப்தி பிஸ்மில்லாச் சொல்லி ஒரு பிடி வைத்தான். நேற்றைய தைரியத்தில் பெரிய பிடி. வைத்த கை வாயோடு அப்படியே நின்றுவிட்டது. முதலில் காது சிவந்தது. பிறகு கழுத்து. மூக்கில் தண்ணீர் இறங்கியது. ஆனால் பிள்ளை சத்தம் போடவில்லை. பீங்கானைப் பார்த்தபடியே குனிந்திருந்து, "மாமா, நேத்து இப்பிடி இல்லயே" என்று மெல்லக் கேட்டான். அவ்வளவுதான் கேட்டான்.

அப்போது சீலைக்குப் பின்னால் குரல் வந்தது. பழைய குரல், இப்போது கொஞ்சம் நடுங்குகிற குரல்.

"உறைப்புக் காணுமா எண்டு சின்ன மருமகன்ட கேளு புள்ள."

சீலையோரம் நின்ற றுமானா கேட்டாள். றிப்தி எச்சில் விழுங்கினான். மேல் உதட்டு வேர்வையைத் துடைத்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பதியுதீனுக்குத் தெரியும். அதை அவர் இருபத்து மூன்று வருடமாகத் தன் கடைக் கண்ணாடிகளில் பார்த்து வருகிறார்.

"காணும்" என்றான் பொடியன். "இன்னும் கொஞ்சம் போட்டாலும் பரவா..."

"உறைக்குது!"

வீடு முழுக்கக் கேட்கக் கத்தியது பதியுதீன்தான்.

"உறைக்குது மாமி! அல்லாவுக்காக! எனக்கு உறைப்பு ஆகா! அண்டைக்கும் ஆகா, இண்டைக்கும் ஆகா! பல்லுக் களட்டி ஊசி போட்டிருந்தன், அதான் அண்டைக்கு உறைக்கல்ல! இந்தப் பொடியனுக்கு நான் குடுத்தது உறைக்காத கொச்சிக்காய்! வயிறு புண்ணாப் போயிட்டு மாமி! டொக்டர் வெட்டப் போறாராம்! இந்தப் புள்ளைக்கும் என்னைப்போல ஆக்கிப் போடாதீங்க!"

சொல்லி முடித்தபிறகுதான் தான் மாமியோடு நேராகக் கதைத்துவிட்டது அவருக்கு உறைத்தது. ஸுல்பிகா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். குசினிக்குள் ஒரு கரண்டி விழுந்தது.

சீலை விலகியது. சித்தி லைலா வெளியே வந்தார். முக்காட்டைச் சரிசெய்து, சட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, பெரிய மருமகனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். கட்டையான மனுசி. பதியுதீன் நினைத்து வைத்திருந்ததைவிட மிகச் சின்ன உருவம்.

"இருபத்திமூணு வருசம்" என்றார். "இருபத்திமூணு வருசமா நான் இந்த ஆணத்துல ஒரு சொட்டு நாக்குல வெச்சதில்ல, மகன். எனக்கும் உறைப்பு ஆகா. சமைக்கக்குள்ளயே கண்ணால ஊத்தும். தயிரும் சோறும் திண்டு கிடக்கன். மருமகன் ஆசையாத் திங்கிறாரே எண்டுதான் போட்டன்."

"உம்மா!" என்றாள் ஸுல்பிகா. "உங்களுக்கு வயசு போனதால உறைப்பு ஆகாது எண்டெல்லோ சொன்னீங்க? நானும் இவருக்காகத்தானே அழுதழுது திண்டு பழகினன்!"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அந்த வீட்டில் உறைப்பு வேண்டுமென்று இருபத்து மூன்று வருடத்தில் ஒரு ஆத்மாவும் நினைத்ததில்லை. றிப்தி மட்டும் இதற்குள் செம்பை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரைக் குடித்து முடித்து, அடுத்த செம்புக்கு எழும்பியிருந்தான். அவன்தான் புத்தியுள்ள பிள்ளை.

மற்றநாள் சீலையைக் கழற்றித் துவைக்கப் போட்டார்கள். மாமி தன் கையால் சோறு போட்டார். ஆணம் வெள்ளையாக இருந்தது. தேங்காய்ப்பால், வெந்தயம், பாரைமீன், இரண்டே இரண்டு பச்சைக் கொச்சிக்காய், அதுவும் கீறாமல். பதியுதீன் பிஸ்மில்லாச் சொல்லி ஒரு பிடி வைத்தார். மாமி இடுப்பில் கைவைத்து முன்னாலேயே நின்றார்.

"எப்பிடி இரிக்கி, மகன்?"

பதியுதீன் மென்றார். நெருப்பு இல்லாத வாயில் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. தேங்காய்ப்பால் தெரிந்தது, மீன் தெரிந்தது. உப்பும் தெரிந்தது. உப்புக் கடல் மாதிரி இருந்தது. பாவம், சட்டியில் நாக்கை வைத்து உப்புப் பார்க்கிற பழக்கம் மாமிக்குக் கைவிட்டுப் போய் எவ்வளவு காலம்!

நல்லா இரிக்கி என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. அதற்கு வேறு பழக்கம் இல்லை. ஆனால் எதிரில் றிப்தி கையை நிறுத்திவிட்டு மாமா என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்புக் கூட, மாமி" என்றார் பதியுதீன்.

சித்தி லைலாவின் முகம் சிவந்தது. "இருபத்திமூணு வருசமா நல்லாத்தானே இருந்திச்சி!" என்றவர், கொடியில் காய்ந்த சீலையை இழுத்துக்கொண்டு வந்து, வாசலில் மாட்டி, அதற்குப் பின்னால் போய்விட்டார். உள்ளே சட்டிகள் கொஞ்ச நேரம் சத்தம் போட்டன. பிறகு சீலைக்குக் கீழே ஒரு கை வந்தது. கையில் ஒரு மண்சட்டி. எருமைத் தயிர், பாதி தின்றது, கரண்டி இன்னும் அதற்குள்ளேயே கிடந்தது.

"என்ட பங்கு. இதப் போட்டுத் திண்டா உப்புத் தெரியா எண்டு சொல்லு புள்ள. நாளைக்கு நான் உப்புப் பாத்துச் சமைக்கன் எண்டும் சொல்லு."

பதியுதீன் சட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். தயிரைப் போட்டுப் பிசைந்து ஒரு பிடி வாயில் வைத்தார். உறைப்புச் சுடரின் கண்ணில் தண்ணீர் வந்தது. கன்னத்தால் இறங்கித் தாடிக்குள் போனது. ஜவுபரின் போன் அந்த நேரம் பார்த்து அறையில் சார்ஜில் கிடந்தது.